ஸ்பீடாமீட்டரும் லாரி டயரும்: ஒரு சின்ன வரலாறு

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று போகும் நெடுஞ்சாலை. இந்தச் சாலையில் ஒரே நாளில் இரண்டு லாரிகள் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். விழுப்புரம் வந்து சேர்ந்ததும் ஒரு லாரியின் மீட்டர் 40 கி.மீ. ஓடியதாகச் சொல்கிறது. இன்னொன்றின் மீட்டர் 38.7 கி.மீ. என்கிறது. மீட்டர் ரிப்பேர் இல்லை. யாரும் கேபிளைக் கழற்றவும் இல்லை. இரண்டாவது லாரியின் பின்சக்கரத்தில் ஒரு சைஸ் பெரிய டயர் மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்!

1.3 கி.மீ. வித்தியாசம் பெரிய விஷயமா என்று தோன்றலாம். ஆனால் லாரித் தொழிலில் டீசல் கணக்கு, டயர் கணக்கு, ஆயில் மாற்றும் கணக்கு, டிரைவர் நேர்மையானவரா இல்லையா என்ற கணக்கு எல்லாமே அந்தச் சின்ன எண்ணை நம்பித்தான் போடப்படுகிறது. அந்த எண் எங்கிருந்து வருகிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

சக்கரமே முதல் அளவுகோல்

தூரத்தை அளக்க மனிதன் கண்டுபிடித்த எளிய வழி சக்கரத்தின் சுற்றுகளை எண்ணுவது. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தன் நூலில் இப்படி ஒரு வண்டியை விவரித்திருக்கிறார். வண்டிச் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் 12½ அடி நகரும். 400 சுற்று ஆனால் 5000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். அப்போது பல்சக்கரங்கள் நகர்ந்து ஒரு கூழாங்கல் பாத்திரத்தில் விழும். பயணம் முடிந்ததும் கற்களை எண்ணினால் எத்தனை மைல் என்று தெரிந்துவிடும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் கருவி தூரத்தை அளக்கவே இல்லை. சுற்றுகளைத்தான் எண்ணியது. ஒரு சுற்றுக்கு 12½ அடி என்பது செய்தவர் முன்கூட்டியே முடிவு செய்து வைத்த எண். யாராவது கொஞ்சம் பெரிய சக்கரத்தை மாட்டிவிட்டால் கற்கள் தவறாகத்தான் விழும். இன்றைய லாரியின் டேஷ்போர்டிலும் இதே நிலைதான்.

நம் ஊரிலும் இந்த முறை புதிதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் சென்னை மாகாணத்தில் சாலைகளை அளந்த சர்வேயர்கள் கைப்பிடி வைத்த அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டே நடந்தார்கள். சுற்றுகளை எண்ண அதில் ஒரு முகப்பு இருந்தது. ஆனால் துல்லியம் வேண்டும் என்று வந்தபோது சக்கரத்தை நம்பவில்லை. 1802-ல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே தன் நில அளவையின் அடிக்கோட்டை அளக்க எஃகுச் சங்கிலியைத்தான் பயன்படுத்தினார். சக்கரம் வசதிக்கு, சங்கிலி உண்மைக்கு என்பது அப்போதே தெரிந்திருந்தது!

முள் வந்த கதை

தூரம் மட்டும் போதாது, வேகமும் தெரிய வேண்டும் என்ற தேவை மோட்டார் வண்டி வந்த பிறகுதான் ஏற்பட்டது. ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ ஷூல்ட்ஸே 1902-ல் பெர்லினில் ஸ்பீடாமீட்டருக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய யோசனை எளிமையானது. சுழலும் கேபிளின் முனையில் ஒரு காந்தம். அதைச் சுற்றி, அதைத் தொடாமல், ஒரு உலோகக் கிண்ணம். காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் மின்சுழல் உண்டாகி அதையும் திருப்பப் பார்க்கும். ஒரு மெல்லிய சுருள்வில் அதை இழுத்துப் பிடிக்கும். வேகம் கூடக்கூடக் கிண்ணம் அதிகமாகத் திரும்பும், அதோடு முள்ளும் நகரும். ஏறக்குறைய நூறு வருடங்கள் உலகத்து லாரிகள், கார்கள், பைக்குகள் பெரும்பாலும் இந்த முறையில்தான் வேகம் காட்டின.

லாரியில் அந்தக் கேபிள் பொதுவாக கியர்பாக்ஸின் பின்முனையிலிருந்து வரும். அங்கே சுழல்வது கார்டன் ஷாஃப்ட்டுக்குப் போகும் தண்டு. அது பின்னால் கிரவுன் பினியனைச் சுழற்றுகிறது, கிரவுன் பினியன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஆகவே மீட்டருக்குத் தெரிவது தண்டின் சுற்று மட்டும்தான். இத்தனை சுற்றுக்கு இத்தனை மீட்டர் தூரம் என்பதை இரண்டு விஷயங்களை வைத்து கம்பெனியில் கணக்குப் போட்டிருப்பார்கள். ஒன்று கிரவுன் பினியன் விகிதம், இன்னொன்று பின்டயரின் சுற்றளவு. இந்த இரண்டில் எதை மாற்றினாலும் மீட்டர் தவறும். முன்டயரை மட்டும் மாற்றினால் இப்படிப்பட்ட மீட்டருக்கு ஒன்றும் ஆகாது.

இப்போதைய லாரிகளில் கேபிள் போய் சென்சார் வந்துவிட்டது. காந்தக் கிண்ணத்துக்குப் பதில் மின்துடிப்புகள், அவற்றை எண்ண ஒரு கம்ப்யூட்டர். ஆனால் டயர் சுற்றளவு இவ்வளவு என்று அந்தக் கம்ப்யூட்டருக்கும் யாரோ சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள். விட்ருவியஸின் 12½ அடி இன்னும் போகவில்லை.

தமிழ்நாட்டு டயரின் கதை

தமிழ்நாட்டில் டயர்த் தொழிலின் முக்கியமான தொடக்கங்களில் ஒன்று திருவொற்றியூரில் நடந்தது. கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் அங்கே தொடங்கியது பலூன் செய்யும் ஒரு சிறு பட்டறை. 1952-ல் அந்த நிறுவனம் டிரெட் ரப்பர் தயாரிக்க ஆரம்பித்தது. அதாவது தேய்ந்த டயரின் மேல் மறுபடி ஒட்டும் ரப்பர். 1961-ல் அமெரிக்காவின் மேன்ஸ்ஃபீல்டு நிறுவனத்தின் கூட்டுறவோடு முழு டயரே செய்யத் தொடங்கியது. அதுதான் எம்.ஆர்.எஃப். புது டயருக்கு முன்பே ரீட்ரேடிங் ரப்பருக்கு இங்கே சந்தை இருந்தது என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். டயரைத் தேயத் தேய ஓட்டி, மேலே ரப்பர் ஒட்டி, மறுபடியும் ஓட்டுவதே இங்கத்திய வழக்கம்.

நைலான் டயர் காலத்தில் லாரி டயர்களின் பெயர் சுலபமாக இருந்தது. 825-20, 900-20, 1000-20. முதல் எண் டயரின் அகலம் (8.25, 9, 10 அங்குலம்), இரண்டாவது ரிம்மின் விட்டம் (20 அங்குலம்). இந்த வகை டயரில் உயரமும் அகலத்துக்குக் கிட்டத்தட்ட சமம், சற்றே அதிகம். அதனால் அகலம் கூடினால் மொத்த விட்டமும் கூடும். புது டயரில் தோராயமாக:

825-20: விட்டம் 972 மி.மீ., ஒரு சுற்றுக்கு 3.05 மீட்டர்
900-20: விட்டம் 1018 மி.மீ., ஒரு சுற்றுக்கு 3.20 மீட்டர்
1000-20: விட்டம் 1052 மி.மீ., ஒரு சுற்றுக்கு 3.30 மீட்டர்

கம்பெனிக்குக் கம்பெனி சில மி.மீ. மாறும். லோடு ஏறினால் டயர் அமுங்கி இன்னும் கொஞ்சம் குறையும். ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் ஏறக்குறைய இதுதான்.

900-20 போட்டு வந்த லாரிக்கு 1000-20 மாட்டினால் விட்டம் 3.3 சதவீதம் கூடுகிறது. அதிக பாரம் தாங்கும் என்பதற்காகச் செய்யப்படும் மாற்றம் இது. அதன் பிறகு முள் 60 காட்டும்போது லாரி உண்மையில் 62-ல் போகும். 80 காட்டும்போது 82.6. மாறாக 825-20 மாட்டினால் முள் 60 காட்டும்போது உண்மை வேகம் 57 சொச்சம்தான்.

டயர் பெயரை வைத்து மட்டும் முடிவு செய்யக்கூடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ரேடியல் டயர்கள் வந்த பிறகு 295/90 ஆர் 20 போன்ற பெயர்கள் வந்தன. 295 என்பது மி.மீ. கணக்கில் அகலம். 90 என்பது அந்த அகலத்தில் உயரம் எத்தனை சதவீதம் என்பது. கணக்குப் போட்டால் மொத்த விட்டம் 1039 மி.மீ. அதேபோல் டியூப் இல்லாத 295/80 ஆர் 22.5 டயரின் ரிம் இரண்டரை அங்குலம் பெரியது. ஆனால் டயரின் பக்கச்சுவர் குட்டையாக இருப்பதால் மொத்த விட்டம் 1044 மி.மீ.தான். 1000-20 டயரைவிடச் சற்றுக் குறைவு! "வீல் பெரிசு, அதனால் மீட்டர் குறைவாகக் காட்டும்" என்று நினைத்தால் தவறு. மீட்டருக்குக் கணக்கு வெளிவிட்டம் மட்டுமே.

சாலை மாறியபோது

டயர் மாற்றுவது பழைய பழக்கம் என்றால் ஏன் முன்பெல்லாம் இது பெரிதாகத் தெரியவில்லை? காரணம் சாலை. சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. ரோடு, அதாவது பழைய என்.எச். 45, நீண்ட காலம் இருவழிச் சாலையாகத்தான் இருந்தது. எதிரே பஸ், ஓரத்தில் மாட்டுவண்டி, சீசனில் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு லாரி. நாற்பதில் போகும் லாரிக்கு 3.3 சதவீதம் என்பது 1.3 கி.மீ. வேகம். அதை யார் கவனிப்பார்கள்?

2000-களில் இந்தச் சாலை நான்கு வழியானது. விக்கிரவாண்டியில் டோல்கேட் வந்தது. 2010-ல் எண்ணும் மாறி, திண்டிவனம்–விழுப்புரம் பகுதி என்.எச். 132 ஆனது. அதே காலத்தில் வேறு இரண்டு மாற்றங்களும் நடந்தன. 2005-ல் உச்ச நீதிமன்றம் ஓவர்லோடுக்கு எதிராகக் கண்டிப்பான உத்தரவு போட்டது. நைலான் டயரின் இடத்தை ரேடியல் டயர் மெதுவாகப் பிடிக்கத் தொடங்கியது. சாலை நன்றாக இருந்தால் லாரி வேகமாகப் போகும். வேகமாகப் போனால் சட்டம் அந்த வேகத்தைக் கேட்கும்.

சட்டமும் கேட்டது. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஸ்பீடாமீட்டருக்கு 117-ம் விதி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு 118-ம் விதி. 2015 அக்டோபர் 1 முதல் தயாராகும் பெரும்பாலான போக்குவரத்து வாகனங்களில் 80 கி.மீ.க்கு மேல் போகாதபடி கருவி இருக்க வேண்டும் என்று வந்தது. டேங்கர், டிப்பர், பள்ளிப் பேருந்து போன்றவற்றுக்கு 60. 2018 ஏப்ரலில் வந்த அறிவிப்பு நான்கு வழிச் சாலையில் சரக்கு வாகனத்துக்கு உச்ச வேகம் 80, மற்ற சாலைகளில் 60 என்று வைத்தது.

ஆனால் அந்த வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் அதே தண்டின் சுற்றைத்தான் எண்ணுகிறது. டயரைப் பெரிதாக்கிவிட்டுக் கருவியைத் திருத்தாமல் விட்டால், 80-க்கு வைத்த கருவி 82.6 வரை விடும். வேகம் 3.3 சதவீதம் கூடினால், பிரேக் அடக்க வேண்டிய இயக்க ஆற்றல் ஏறக்குறைய 6.7 சதவீதம் கூடும். முழு லோடோடு போகும் லாரிக்கு இது சும்மா விட்டுவிடக்கூடிய எண் அல்ல.

கம்பெனிகள் இதற்கு ஒரு பாதுகாப்பும் வைத்திருக்கின்றன. ஐ.நா.வின் 39-ம் எண் விதிமுறைப்படி, ஒப்புதல் சோதனையில் ஸ்பீடாமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது. அதிகமாகக் காட்டலாம், உண்மை வேகத்தில் 10 சதவீதமும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் வரை. உண்மை வேகம் 60 என்றால் முள் 60-லிருந்து 70 வரை எங்கேயும் நிற்கலாம். அதனால்தான் புது வண்டியின் முள் பெரும்பாலும் செல்போன் ஜி.பி.எஸ். காட்டுவதைவிடக் கூடுதலாகக் காட்டும். பெரிய டயர் மாட்டுபவர் இந்தப் பாதுகாப்பு இடைவெளியைத்தான் தின்றுவிடுகிறார். ஆனால் இந்தச் சலுகை வேக முள்ளுக்குத்தான். தூரம் எண்ணும் மீட்டரில் டயரின் பிழை அப்படியே ஏறிவிடும்.

டீசல் எங்கே போனது?

இனி பணக் கணக்கு. ஒரு உதாரணம் பார்க்கலாம். ஒரு லாரி மாதம் 8000 கி.மீ. ஓடுகிறது. லிட்டருக்கு 4 கி.மீ. மைலேஜ். ஆக 2000 லிட்டர் டீசல். இதில் 900-20 டயரைக் கழற்றி 1000-20 மாட்டியாயிற்று. அடுத்த மாதமும் அதே 8000 கி.மீ., அதே 2000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் காட்டுவது 7744 கி.மீ. மட்டுமே. முதலாளி வகுத்துப் பார்க்கிறார், மைலேஜ் 3.87. 7744 கி.மீ.க்கு 4 வீதம் 1936 லிட்டர்தானே ஆக வேண்டும், மீதி 64 லிட்டர் எங்கே?

இந்தக் கேள்வி நேராக டிரைவரிடம்தான் போகும். டீசல் திருட்டு என்பது லாரித் தொழிலில் எப்போதும் இருக்கும் சந்தேகம். பேட்டாவில் பிடித்தம், வாக்குவாதம், சில நேரம் வேலையே போய்விடும். 64 லிட்டரும் எஞ்சினுக்குள் போய் எரிந்து, லாரியும் அந்தத் தூரத்தை ஓடியே இருக்கிறது. காணாமல் போனது டீசல் அல்ல, 256 கிலோமீட்டர்!

டயர் சைஸை மாற்றாவிட்டாலும் இந்தச் சிக்கல் சிறிய அளவில் உண்டு. புது 900-20 டயர் மொட்டையாகும் வரை தேய்ந்தால் விட்டம் சுமார் 25 மி.மீ. குறையும். அது 2.5 சதவீதம். தேய்ந்த டயர் அதிக சுற்று சுற்றும், மீட்டர் அதிக தூரம் காட்டும், மைலேஜ் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். புது டயர் மாட்டிய மாதம் மைலேஜ் "விழும்". நல்ல டயர் வாங்கிக் கொடுத்த முதலாளிக்கு அந்த மாதமே டிரைவர் மேல் சந்தேகம் வருவது எவ்வளவு வேடிக்கை! டயரின் ஆயுள் கணக்கும் இப்படித்தான் கோணலாகும். 1000-20 டயர் உண்மையில் 60,000 கி.மீ. ஓடியிருந்தால், திருத்தாத மீட்டரில் அது சுமார் 58,100 என்றே இருக்கும். பெரிய டயர் சீக்கிரம் தேய்கிறது என்று முதலாளி முடிவுக்கு வந்துவிடுவார்.

மற்றவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

1975-ல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம். இன்றைய அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டம் அதன் தொடர்ச்சிதான். இங்கேயும் டிரைவரின் டீசல் சிக்கனம் கணக்கில் எடுக்கப்படும். ஆனால் பஸ்ஸின் தூரம் வழித்தடத்தை வைத்து முன்பே அளந்து வைத்தது. இத்தனை நடைக்கு இத்தனை கி.மீ. என்று கணக்கு. டயர் தேய்ந்தாலும் புதிதானாலும் விழுப்புரம்–திண்டிவனம் தூரம் மாறுவதில்லை.

ஆட்டோ, டாக்ஸி மீட்டருக்கு இன்னொரு வழி. அங்கே கிலோமீட்டர் நேராகப் பயணிக்கு விற்கப்படுகிறது. அதனால் தராசு, படிக்கல்போல அந்த மீட்டரும் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் சோதிக்கப்பட்டு முத்திரை பெற வேண்டும். லாரி மீட்டருக்கு அப்படி ஆண்டுதோறும் முத்திரை கிடையாது. அதுவும் ஒருவகையில் கூலியைத் தீர்மானிக்கும் படிக்கல்தான் என்றாலும்.

ஐரோப்பாவில் லாரிகளுக்கு டாக்கோகிராஃப் என்ற பதிவுக் கருவி கட்டாயம். வேகம், தூரம், டிரைவரின் ஓய்வு நேரம் எல்லாம் அதில் பதிவாகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதைச் சோதிக்க வேண்டும். டயர் சுற்றளவு மாறினாலும் உடனே சோதிக்க வேண்டும். சோதித்தவர் ஒட்டும் தகட்டில் டயரின் சைஸும் அதன் சுற்றளவும் எழுதப்பட்டிருக்கும். எந்த டயரை நம்பி இந்த எண் சொல்லப்படுகிறது என்பது எழுத்திலேயே இருக்கிறது.

இந்தியாவிலும் தூரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சக்கரத்திடமிருந்து விலகி வருகிறது. டோல் கட்டணம் சாலையின் நீளத்தை வைத்து. 2018-ல் வந்த இ-வே பில் பின்கோடுகளுக்கு இடையிலான தூரத்தை வைத்து. 2021 முதல் 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்று அதன் செல்லுபடிக் காலம் கணக்கிடப்படுகிறது. ஜி.பி.எஸ். வைத்த லாரிகளில் தூரத்தைச் சொல்வது செயற்கைக்கோள். ஆனால் ஒன்றிரண்டு லாரி வைத்திருக்கும் சிறு முதலாளிகள் பலரிடம் மைலேஜ் இன்னும் நோட்டுப் புத்தகத்தில், மீட்டரைப் பார்த்துத்தான் எழுதப்படுகிறது.

சரி செய்வது கஷ்டமா?

இல்லை. கேபிள் வண்டியானால் கியர்பாக்ஸில் உள்ள ஸ்பீடாமீட்டர் பினியனின் பல் எண்ணிக்கையை மாற்ற வேண்டும். சென்சார் வண்டியானால் கம்பெனி சர்வீஸில் டயர் அளவைத் திருத்த வேண்டும். அதற்கு முன்பு ஒன்றைப் பார்த்துக்கொள்வது நல்லது. பதிவுச் சான்றிதழுக்கும் கம்பெனி அங்கீகாரத்துக்கும் மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கம்பெனி அந்த மாடலுக்கு அனுமதித்த டயர் சைஸ்களுக்குள் இருந்துகொள்வதே பாதுகாப்பு.

இது எதுவும் முடியாவிட்டால் செலவே இல்லாத ஒரு வழி உண்டு. நெடுஞ்சாலையில் ஒரு கிலோமீட்டர் கல்லில் மீட்டரைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து இருபதாவது கல்லில் மறுபடி குறிக்க வேண்டும். மீட்டர் 19.4 காட்டினால் 20-ஐ 19.4-ஆல் வகுத்தால் 1.03. இனி மீட்டர் காட்டும் கிலோமீட்டரை 1.03-ஆல் பெருக்கினால் உண்மைத் தூரம். டயர் மாற்றும்போதெல்லாம் ஒருமுறை இதைச் செய்து நோட்டில் எழுதி வைத்தால் போதும்.

லாம்டன் சக்கரத்தை விட்டுச் சங்கிலியை எடுத்ததும் இதே காரணத்துக்காகத்தான். அவருக்குப் பிழையின் விலை ஒரு வரைபடம். லாரி டிரைவருக்கு அது அவருடைய பெயரும் வேலையும். மைலேஜ் குறைந்தது என்று அவரைக் கூப்பிட்டுக் கேட்பதற்கு முன்னால், பின்டயரில் என்ன சைஸ் எழுதியிருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பார்ப்பது நியாயம்.